வளை தோண்டும் எலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே ஆறடி அகலத்தில் ஒரு மண்தரை உண்டு. ஓர் ஐப்பசி மழைக்குப் பிறகு அதன் ஓரத்தில் பதித்திருந்த சிமெண்டுக் கற்களில் இரண்டு உள்வாங்கின. அன்று முதல், விலங்கியல் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் என்னிடம் எலியைப் பற்றியே கேட்கத் தொடங்கினார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லிச் சலித்ததால் எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

கொறித்துண்ணின்னா எலிதானே? எதுக்கு ரெண்டு பேரு?

எலி ஒரு கொறித்துண்ணி. ஆனால் கொறித்துண்ணிகள் எல்லாம் எலிகள் அல்ல. மரத்தில் ஓடும் அணில், காட்டில் திரியும் முள்ளம்பன்றி, ஆய்வுக்கூடத்துக் கினிப்பன்றி, ஆற்றில் அணை கட்டும் பீவர் ஆகிய யாவும் இதே வரிசையை, அதாவது பாலூட்டிகளின் வகைப்பாட்டில் இதே பெரும்பிரிவைச் சேர்ந்தவை. இன்று வாழும் பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு கொறித்துண்ணிகளே. சில பாடநூல்கள் இவற்றைக் கொறிணி என்று சுருக்கிச் சொல்கின்றன, இரண்டும் ஒன்றுதான்.

இவற்றை ஒன்றாகச் சேர்த்துவைப்பது பல். மேல்தாடையில் ஒரு இணை, கீழ்த்தாடையில் ஒரு இணை என உளி போன்ற நான்கு வெட்டுப்பற்கள் இருக்கும். அவை சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கோரைப்பல் கிடையாது. வெட்டுப்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் இடையில் வெறும் ஈறாக ஓர் இடைவெளி உண்டு. நம் வீட்டெலியின் வாயில் மொத்தம் 16 பற்கள்: வெட்டுப்பற்கள் 4, கடைவாய்ப்பற்கள் 12.

இந்த வரையறையில் வளை என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கொறிப்பது வம்சத்தின் அடையாளம். வளை தோண்டுவது பிழைப்புக்காக வந்த பழக்கம். கீழே வரும் குழப்பங்களில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை.

சமையலறையில கீச்சு கீச்சுன்னு கத்திக்கிட்டு ஓடுதே, அது எலிக்குட்டியா மூஞ்சூறா?

சுவரை ஒட்டியே ஓடி, கீச்சிட்டு, போன இடமெல்லாம் ஒரு நாற்றத்தை விட்டுச் செல்வது மூஞ்சூறு. அது எலியும் அல்ல, எலியின் குட்டியும் அல்ல, கொறித்துண்ணியே அல்ல. நீண்டு கூம்பிய மூக்கும், கண் இருப்பதே தெரியாத அளவு சிறிய கண்ணும், வாயில் ஊசி ஊசியாக 30 பற்களும் கொண்ட பூச்சித்தின்னி அது. எலிக்கு உள்ள உளிப்பல்லும் இடைவெளியும் அதற்குக் கிடையாது. கரப்பான்பூச்சியைத் தின்பதால், அதை அடிக்காமல் விடுவதே வீட்டுக்கு நல்லது.

பிள்ளையாரின் வாகனம் எது என்பது உடனே வரும் துணைக்கேள்வி. வடமொழியில் மூஷிகம் என்பது எலி. நாமோ மூஞ்சூறு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கோயில்களில் கல்லில் செதுக்கியிருப்பதைப் பார்த்தால், என் கண்ணுக்கு அது பெரும்பாலும் பெருச்சாளியாகவே தெரிகிறது. விலங்கியல் இதில் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை.

முயலும்தானே கொறிக்குது, குழி தோண்டுது? அதை ஏன் சேர்க்கல?

ஒருகாலத்தில் சேர்த்தே வைத்திருந்தார்கள். முயலின் மேல் வெட்டுப்பற்களுக்குப் பின்னால், குச்சி போல இன்னோர் இணைச் சிறுபற்கள் ஒளிந்திருக்கின்றன. கொறித்துண்ணிகளுக்கு அவை இல்லை. இதையும் வேறு சில உறுப்பு வேறுபாடுகளையும் கொண்டு, 1912-இல் முயல்களுக்குத் தனி வரிசை வகுக்கப்பட்டது. பிற்கால மரபணு ஆய்வுகள் இரண்டு வரிசைகளும் நெருங்கிய பங்காளிகள் என்று காட்டின. எனவே பழையவர்களின் கணிப்பு முழுக்கத் தவறும் அல்ல.

தோண்டுவதைப் பொறுத்தவரை, நம் ஊர்க் காட்டுமுயல் வளையே தோண்டுவதில்லை. புல்லை அழுத்திப் பள்ளமாக்கிப் படுத்துக்கொள்ளும். வளை தோண்டுவது கூண்டில் வளர்க்கிறோமே, அந்த ஐரோப்பிய முயல்.

முள்ளம்பன்றி, முள்ளெலி ரெண்டும் ஒரே குடும்பமா?

தமிழ்ப் பெயர்கள் நம்மைத் தலைகீழாக ஏமாற்றும் இடம் இது. பன்றி என்று பெயர் கொண்ட முள்ளம்பன்றிக்குப் பன்றியோடு எந்த உறவும் இல்லை. உளிப்பல் கொண்ட அசல் கொறித்துண்ணி அது. இந்தியாவில் உள்ள மிகப்பெரிய கொறித்துண்ணியும் அதுவே; பத்துக் கிலோவுக்கு மேல் எடை வரும். பகலில் பாறை இடுக்கிலோ தானே தோண்டிய வளையிலோ கிடந்து, இரவில் கிழங்கும் பட்டையும் தின்னக் கிளம்பும். அது முள்ளை அம்பு போல எய்யும் என்பது கதை. பின்னோக்கிப் பாய்ந்து குத்தும். குத்திய இடத்தில் முள் கழன்று நிற்கும், அவ்வளவே.

எலி என்று பெயர் கொண்ட முள்ளெலியோ கொறித்துண்ணி அல்ல. அது மூஞ்சூறின் உறவு, பூச்சியைத் தின்பது, ஆபத்து வந்தால் பந்தாகச் சுருண்டுகொள்வது. தென்னிந்திய வறண்ட முட்காடுகளுக்கே உரிய ஓர் இனம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு மெட்ராஸ் என்ற ஊர்ப்பெயரே அடைமொழி. ஆக, முள்ளம்பன்றி கொறித்துண்ணி. முள்ளெலி கொறித்துண்ணி அல்ல. பெயரை நம்பாமல் பல்லைப் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது.

வயசான எலிதான் பெருச்சாளி ஆகுதா? சின்னதா இருந்தா சுண்டெலியா?

இல்லை. சுண்டெலி, எலி, பெருச்சாளி என்பவை ஒரே விலங்கின் மூன்று பருவங்கள் அல்ல. மூன்று தனிப் பேரினங்கள், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தனித்தனித் தொகுப்புகள். சுண்டெலி எத்தனை நாள் வாழ்ந்தாலும் சுண்டெலிதான்.

பெருச்சாளியிலும் இரண்டு இனங்கள் உண்டு. பெரிய பெருச்சாளி ஒரு கிலோவை எட்டக்கூடியது; அதன் வால் ஏறத்தாழ உடலின் நீளத்துக்கு இருக்கும். சிறிய பெருச்சாளி கால் கிலோவைச் சுற்றி எடை வரும். வால் உடலைவிடக் குட்டை. வயல்காரர்கள் வரப்பெலி என்பது இந்தச் சிறியதைத்தான். நகரத்தில் பெருச்சாளி என்று நாம் காட்டுவதிலும் பல நேரம் இதுவே மாட்டுகிறது. மடக்கினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும். அப்போது இரண்டு மடங்கு பெரிதாகத் தோன்றும்.

பக்கத்துத் தெலுங்கில் இதற்குப் பந்திக்கொக்கு என்று பெயர். பன்றியெலி என்று பொருள். அந்தச் சொல் ஆங்கிலேயர் வாயில் பண்டிகூட் என்று திரிந்து, அறிவியல் பெயருக்குள்ளும் புகுந்தது. பிறகு ஆஸ்திரேலியாவில் பையுள்ள ஒரு விலங்கைக் கண்டவர்கள், சாயல் ஒத்திருந்ததால் அதற்கும் அதே பெயரை வைத்துவிட்டார்கள். அந்த விலங்கு கங்காருவின் கூட்டம். நம் சாக்கடைப் பெருச்சாளிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

சென்னையில வளை தோண்டுற எலி எத்தனை வகை இருக்கு?

மண்ணைப் பொறுத்தது. நகருக்குள் பெருச்சாளிகள் இரண்டும் உண்டு. துறைமுக நகரங்களில் கப்பல் வழியாக வந்து சேர்ந்த பழுப்பெலியும் தோண்டக்கூடியதே. செங்குன்றம், திருப்போரூர்ப் பக்கம் வயல்களுக்குப் போனால் வரப்பெலியோடு வயல் சுண்டெலியும் புல்லெலியும் சேர்ந்துகொள்ளும். மணற்பாங்கான மேட்டுநிலங்களில் வெள்ளெலி இருக்கும்: வயிறு வெள்ளை, கண் பெரிது, நீண்ட வாலின் நுனியில் கறுத்த மயிர்க்குஞ்சம், விரட்டினால் ஓடாமல் தாவித் தாவிப் போகும்.

வீட்டில் பரணிலும் தென்னை மட்டையிலும் திரிகிற கருத்த வீட்டெலி இந்தப் பட்டியலில் இல்லை. அதன் வால் உடலைவிட நீளம். அது ஏறுவதற்கான வால். கயிற்றிலும் கேபிள் வயரிலும் நடக்கிற எலியைப் பார்த்துவிட்டுத் தோட்டத்து வளையை அடைப்பதில் பயனில்லை. இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

லான்ல கோடு கோடா மண்ணு எழும்பி நிக்குது. அகழெலியா?

அகழெலி என்று இன்று பாடநூல்கள் குறிக்கும் விலங்கு, கையே மண்வெட்டியாக அமைந்த பூச்சித்தின்னி. இந்தியாவில் அது கிழக்கு இமயமலையிலும் வடகிழக்கிலும்தான் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. ஈரமான புல்தரையில் விரல் பருமனுக்கு மண் கோடாக எழும்பியிருந்தால், பெரும்பாலும் அது பிள்ளைப்பூச்சியின் வேலை. அந்தப் பூச்சியின் முன்காலை உருப்பெருக்கியில் பார்த்தால் அகழெலியின் கையை அச்சில் வார்த்தது போலவே இருக்கும். பூச்சியும் பாலூட்டியும் ஒரே கருவிக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இந்தச் செய்தி பின்னால் வேண்டியிருக்கும்.

எங்க காம்பவுண்டு ஓரத்துல ஓட்டை இருக்கு, பக்கத்துல மண்ணு குவிஞ்சிருக்கு. யாரோட வளைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கை நுழையும் அளவு வாய், அதன் பக்கத்தில் உருண்டை உருண்டையாகப் புதுமண் குவியல் என்றால் பெருச்சாளி. சிறிய பெருச்சாளிக்கு இன்னோர் அடையாளமும் உண்டு: உள்ளே போனபின் வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். எனவே குவியல் இருக்கும், ஓட்டை தெரியாது. வெள்ளெலியின் வாய் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். இரண்டு விரல் நுழையாத சிறு ஓட்டை என்றால் வயல் சுண்டெலி.

வளையில் ஆள் இருக்கிறதா என்று அறிய, வயலில் செய்கிற பழைய முறையே போதும். மாலையில் எல்லா வாய்களையும் மண் வைத்து மூடிவிட்டு, காலையில் எது திறந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். எங்கள் ஆறடி மண்தரையில் ஒன்பது வாய்களை மூடினோம். விடிந்தபோது இரண்டே திறந்திருந்தன. ஒன்றின் எதிரே, முந்தின நாள் குப்பைத்தொட்டியில் போட்ட முருங்கைக்காய்ச் சக்கை கிடந்தது. ஒன்பது எலி என்று பயந்தவர்களுக்கு அன்று கொஞ்சம் தூக்கம் வந்தது.

உள்ள எப்படி இருக்கும்? நீங்க பார்த்திருக்கீங்களா?

திருப்போரூருக்கு அருகில், அறுவடை முடிந்த ஒரு வயலில், இருளர் பெரியவர் ஒருவர் வரப்பெலி வளையை வெட்டித் திறந்ததைக் கூட நின்று பார்த்திருக்கிறேன். அவர் முதலில் மண்வெட்டியைத் தொடவே இல்லை. வரப்பைச் சுற்றி நடந்து, மண்குவியல் இல்லாத இடங்களில் குதிகாலால் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் மண் தொம்மென்று ஒலித்தது. “இங்கதான் ஓடுற வழி” என்று சொல்லி அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். பிறகுதான், அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானை வாயை வளைவாயில் பொருத்தி, துளை வழியாக ஊதினார். புகை, நாங்கள் பார்க்காத மூன்றாவது இடத்தில் கிளம்பியது.

வெட்டிப் பார்த்தபோது வழி நேராக இல்லை. ஓரடி இறங்கி, பக்கவாட்டில் வளைந்து, இரண்டாகப் பிரிந்தது. ஒரு கிளையின் முடிவில் வைக்கோலைப் பஞ்சு போலக் கிழித்துப் பரப்பிய படுக்கை. இன்னொன்றில் நெற்கதிர்கள், காம்பு ஒரே அளவில், கத்தரிக்கோலால் நறுக்கியது போல வெட்டியிருந்தது. ஒரு முறம் நிறைந்தது. அதைப் புடைத்து எடுத்துப்போய்ச் சமைப்பது அவர்கள் வழக்கம். பெரியவர் கல்லை வைத்த இடமோ, ஒரு விரல் தடிமனுக்கு மண்ணை மட்டும் விட்டுவைத்து உள்ளிருந்து தோண்டிய அவசர வாசல். எதிரி வந்தால் தலையால் முட்டித் திறந்துகொண்டு ஓடுவதற்காக.

எலி கதிர்களைத் தன் அளையில் நிரப்புவதைச் சங்கப் புலவர்களே கண்டு பாடியிருக்கிறார்கள். ஆனால் எல்லா எலியும் இப்படிச் சேர்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் குப்பை கிடைக்கிற நகரத்துப் பெருச்சாளியின் வளையில் களஞ்சியத்தை எதிர்பார்க்க வேண்டாம்; பிளாஸ்டிக் பையைக் கிழித்துப் போட்ட படுக்கைதான் கிடைக்கும்.

ஒரு வளைக்குள்ள எத்தனை எலி இருக்கும்?

வயலில் சிறிய பெருச்சாளிக்குப் பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒரே பெரிய எலி. தாயாக இருந்தால் அதனுடன் குட்டிகள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று சொன்னவர்கள் இந்த எலியைக் கவனித்துத்தான் சொன்னார்களோ என்று தோன்றும். நெல் கிடங்குகளில் தீனி குவிந்திருப்பதால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, நெருக்கமாக வாழ்வதும் உண்டு.

தோண்டும்போது வாயில மண்ணு போகாதா? மூச்சு முட்டாதா?

முன்கால் நகங்களால் மண்ணைப் பறித்து, வயிற்றுக்கடியில் சேர்த்து, பின்காலால் உதைத்துத் தள்ளுவதே பெருச்சாளியின் முறை. இறுகிய மண் வந்தால் வெட்டுப்பல்லும் வேலைக்கு வரும். முதல் கேள்வியில் சொன்ன அந்தப் பல் இடைவெளிக்கு ஒரு பயன் இங்கே இருக்கிறது: இரு பக்கத்து உதட்டுத் தோலும் உள்மடிந்து, வெட்டுப்பற்களுக்குப் பின்னால் திரையாக மூடிக்கொள்ளும். பல் வாய்க்கு வெளியே இருந்து வெட்டும். மண் தொண்டைக்குப் போகாது.

மூச்சைப் பொறுத்தவரை, அடைத்த வளைக்குள் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு கூடத்தான் செய்யும். வளையில் வாழும் விலங்குகள் இதைத் தாங்கப் பழகியவை. இதில் எல்லை கண்டது கிழக்கு ஆப்பிரிக்காவின் மயிரற்ற அகழெலி. பெயரில் அகழெலி இருந்தாலும், இது பூச்சித்தின்னி அல்ல, கொறித்துண்ணி. ஆக்சிஜனே இல்லாத காற்றில் 18 நிமிடம் வரை அது பிழைத்திருந்ததை 2017-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தேனீக்களைப் போல ஒரே ஒரு ராணி மட்டும் குட்டி போட, மற்றவை வேலை செய்யும் கூட்டமாக அது வாழ்கிறது. விரல் நீளமே உள்ள அந்த உயிர் 30 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்வது உண்டு. வயலில் நம் எலி ஓர் ஆண்டைத் தாண்டுவதே அரிது.

வளைக்குள் கிடைக்கும் ஆதாயமும் பெரிது. சித்திரைக் கத்திரியில் தரை காலைச் சுடும்போதும், இரண்டடி ஆழத்தில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு மிகக் குறைவு, ஈரமும் காயாது.

பல்லு வளர்ந்துக்கிட்டே இருக்கறதாலதான் கார் வயரைக் கடிக்குதா?

பாதி உண்மை. எலி கொறிக்காவிட்டால் பல் வளர்ந்து வாய் மூடமுடியாமல் சாகும் என்பார்கள். ஆனால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதே பெருமளவுக்குப் போதும். பல் கோணலாக முளைத்து உரசாமல் போனால்தான் ஆபத்து. அந்தப் பல்லின் முன்புறம் மட்டும் கடினமான எனாமல். பின்புறம் மென்மையானது சீக்கிரம் தேய்வதால், முனை எப்போதும் உளி போலத் தானே தீட்டிக்கொள்ளும். முன்புறம் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருப்பது அழுக்கு அல்ல. எனாமலில் சேர்ந்த இரும்பு.

வயரைக் கடிப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: வழியில் தடையாக இருப்பது, கூட்டுக்கு நார் தேவைப்படுவது, என்ன பொருள் என்று பல்லால் சோதிப்பது. அணைத்த எஞ்சினின் சூடும் இருட்டும் எலிக்கு நல்ல மறைவிடம் என்பதையும் மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், ஏறத் தெரிந்த வீட்டெலியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

ஒரு ஜோடி எலி வருஷத்துக்கு ஆயிரமாப் பெருகும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

காகிதக் கணக்கு. கருக்காலம் ஏறத்தாழ மூன்று வாரம், ஈற்றுக்கு ஆறேழு குட்டிகள், மூன்று மாதத்தில் குட்டியும் தாயாகும் என்று பெருக்கிக்கொண்டே போனால் அந்த எண் வரும். ஒரு குட்டியும் சாகாது, தீனி தீராது, இடம் முட்டாது என்று வைத்துக்கொண்டால்தான் அது பலிக்கும். கூகை, சாரை, பூனை, பட்டினி, வெள்ளம் ஆகியவை அந்தக் கணக்கில் இல்லை. பெருச்சாளி விஷயத்தில் பூனையையும் கழித்துவிடலாம். வளர்ந்த பெருச்சாளியிடம் எங்கள் குடியிருப்புப் பூனை ஒதுங்கி வழிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எலிக்குட்டி கண் மூடி, மயிரின்றிப் பிறக்கும்; இரண்டு வாரம் கழித்தே கண் திறக்கும். முள்ளம்பன்றியின் குட்டியோ கண் திறந்து, மென்மையான முள்ளோடு பிறக்கும். ஒரே வரிசைக்குள் இத்தனை தூரம் இருக்கிறது.

மழை பெஞ்சா வளைக்குள்ள தண்ணி போய் எல்லாம் செத்துடாதா?

குட்டிகள் சாகும், பெரியவை வெளியேறும். எலி நன்றாக நீந்தும். வடகிழக்குப் பருவமழையில் மண்ணுக்கடியில் இடமில்லாமல் போகும்போது, அவை மேட்டைத் தேடி நம் படிக்கட்டுக்கும் மீட்டர் பெட்டிக்கும் வருகின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தரைத்தளத்தில் இருந்தவர்களோடு அவையும் மாடி ஏறின.

எலிக் காய்ச்சல் எலி கடிச்சா வருமா?

பெரும்பாலும் கடியால் அல்ல, சிறுநீரால். லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறி, தேங்கிய நீரிலும் ஈரமண்ணிலும் கலக்கிறது; நம் கால் வெடிப்பு, புண், கண், வாய் வழியாக உள்ளே நுழைகிறது. முந்தின பதிலில் சொன்ன வெள்ளக்காலம் இதற்கு ஏற்ற காலம். மாடு, நாய், பன்றி ஆகியவையும் இதைப் பரப்பக்கூடும். பெயர் மட்டும் எலியின் மேல் விழுந்துவிட்டது.

வெள்ளநீரில் நடந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் கடும் காய்ச்சலும், கெண்டைக்காலில் தாங்கமுடியாத வலியும், கண் சிவப்பும் வந்தால், மருத்துவரிடம் “தண்ணீரில் நடந்தேன்” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குக் கட்டுப்படும். விட்டால் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும்.

இது பாம்பு வளையா எலி வளையா?

நம் ஊர்ச் சாரையும் நல்லபாம்பும் வளை தோண்டுவதில்லை. காலும் நகமும் இல்லாமல் தோண்டுவது எப்படி? எலி தோண்டியதில் அவை நுழையும், அதுவும் பல நேரம் எலியைத் தின்றுவிட்டு. எனவே பாம்பு இருந்தாலும் அது எலி வளைதான். மண் குவியல் பழையதாகி, வாய் வழவழப்பாகி, சிலந்தி வலையும் இல்லாமல் இருந்தால் கையை விட வேண்டாம்.

பழைய புத்தகத்துல கொறித்துண்ணியை மூணாப் பிரிச்சிருக்கு, புதுசுல அஞ்சா இருக்கு. எது சரி?

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு மாணவி கேட்டது. இதுவரை வந்தவற்றில் இதுவே நல்ல கேள்வி. மூன்றாகப் பிரித்தவர்கள் தாடையை இழுக்கும் மெல்லுதசையைப் பார்த்தார்கள். அந்தத் தசை கண்ணுக்கு முன்னால் எந்த வழியாகப் போய் எலும்பில் ஒட்டுகிறது என்பதைக் கொண்டு அணில் வகை, எலி வகை, முள்ளம்பன்றி வகை என்று 1855-இலேயே வகுத்துவிட்டார்கள். ஒட்டும் இடம் மாறினால் கடிக்கும் விசையும் திசையும் மாறும் என்பதால், அது கண்மூடித்தனமான பிரிவு அல்ல.

சிக்கல் எங்கே வந்தது என்றால், ஒரே தசை அமைப்பு உறவில்லாத கூட்டங்களில் தனித்தனியே தோன்றியிருந்தது. மரபணுவை ஒப்பிட்டபோது, பீவரும் கன்னத்தில் பை கொண்ட அமெரிக்கக் கோபரும் அணிலைவிட்டுப் பிரிந்து தனியாக நின்றன. ஆப்பிரிக்காவின் செதில்வால் அணில் என்பது அணிலே அல்ல என்றானது. ஆகவே 2005-இல் வெளியான பாலூட்டிகளின் பெரும்பட்டியல் ஐந்து துணைவரிசைகளை, அதாவது வரிசைக்குள் வரும் ஐந்து உட்பிரிவுகளை ஏற்றது: அணில், பீவர், எலி, செதில்வாலி, முள்ளம்பன்றி. தேர்வில் உங்கள் பாடநூல் எதைச் சொல்கிறதோ அதை எழுதுங்கள். நினைவில் ஐந்தை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ வளை தோண்டுறதெல்லாம் ஒரே துணைவரிசையில வருமா?

வராது, முதல் பதிலில் சொன்னதன் முழுப்பொருள் இங்கேதான் தெரியும். நம் பெருச்சாளி எலித் துணைவரிசை. மத்தியதரைக் கடல் ஓரத்தில், கண்ணை முழுக்கத் தோல் மூடிய குருட்டு அகழெலி ஒன்று மண்ணைவிட்டு வெளியே வராமலே வாழ்கிறது. அதுவும் எலித் துணைவரிசையே, ஆனால் குடும்பம் வேறு. மேலே சொன்ன கோபர் பீவர் பக்கம். லடாக்கில் குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும் மர்மோட், அணில் குடும்பம். மயிரற்ற அகழெலியோ முள்ளம்பன்றித் துணைவரிசை; அதாவது வேளச்சேரிச் சாக்கடைப் பெருச்சாளியைவிடக் காட்டு முள்ளம்பன்றிக்கே அது நெருங்கிய சொந்தம்.

குருட்டு அகழெலியையும் மயிரற்ற அகழெலியையும் பக்கத்தில் வைத்தால் ஒரே உருளை உடம்பு, ஒரே குட்டைக் கால், வெளியே தெரியாத காது, உதட்டுக்கு முன்னால் துருத்திய பல். கொறித்துண்ணியே அல்லாத அகழெலியும் ஏறத்தாழ அதே வடிவம்தான். பிள்ளைப்பூச்சியின் கையைப் பற்றி முன்பே சொன்னேன். மண்ணுக்குள் நுழைகிற எதுவானாலும் மண் அதே அச்சில் இழைத்துவிடுகிறது. உறவைத் தேடுகிறவர் அந்த அச்சைத் தாண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லாம் சரி சார், எதைப் போட்டா போகும்?

ஒவ்வொரு உரையாடலும் இங்கேதான் முடிகிறது. எலிக்கு வாந்தி எடுக்க முடியாது. அதனால்தான் புதிய தீனியை முதலில் நுனியளவு மட்டும் தின்று பார்க்கும். துத்தநாகப் பாஸ்பைடு போன்ற உடனே தாக்கும் நஞ்சைக் குறைவாகத் தின்று பிழைத்த எலி, அந்தத் தீனியை மறுபடி தொடாது. புரோமாடியோலோன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்துக் கொல்வதால், எலிக்குச் சந்தேகம் வருவதில்லை. ஆனால் அந்த எலியைத் தின்னும் கூகைக்கும் நஞ்சு ஏறும். எந்த நஞ்சானாலும் குழந்தைகளும் நாய்களும் இருக்கும் இடத்தில் திறந்து வைக்கக்கூடாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைக் குடியிருப்புக்குள் கொண்டு வரவே கூடாது. மீயொலிக் கருவியை வாங்க வேண்டாம். அந்த ஒலி சுவரைத் தாண்டாது, மண்ணுக்குள் போகவே போகாது, எலியும் சில நாளில் பழகிவிடும்.

வளையை வெறும் மண்ணால் அடைத்தால் பக்கத்தில் புதிதாகத் திறக்கும்; பிடித்து அப்புறப்படுத்தினாலும், காலியான வளைக்கு வேறொரு பெருச்சாளி குடிவரும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: குப்பைத்தொட்டிக்கு மூடி போட்டோம், ஓட்டைகளில் உடைந்த கண்ணாடியும் கான்கிரீட்டும் கலந்து இறக்கினோம், சுவரோரத்தில் ஒன்றரையடி ஆழத்துக்குக் கம்பிவலை பதித்தோம். இரண்டு வாயும் மூடியபடியே இருக்கின்றன. மூன்றாவதாக ஒன்று, பக்கத்துக் குடியிருப்பின் சுவரோரத்தில் போன வாரம் திறந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். அங்கே குப்பைத்தொட்டிக்கு இன்னும் மூடி இல்லை.